பசங்க டீம்ல உங்க பொண்ணு பிட்ச்சரா? மொதல்ல ஒரு கிளிக்கர் வாங்குங்க

என் மகளுக்கு இப்ப 12 வயசு, பசங்க பேஸ்பால் டீம்ல பந்து போடுறா, டீம்ல அவ ஒருத்திதான் பொண்ணு. இங்க கோலாலம்பூர்ல நம்ம ஆளுங்ககிட்ட பேஸ்பால்னு சொன்னா உடனே "ஓ, ஸ்கூல்ல விளையாடுவாங்களே சாஃப்ட்பால், அதானே"ன்னு கேப்பாங்க, அது இல்லைங்க, சாஃப்ட்பால்ல பந்து பெருசு, சுத்தளவு 12 இன்ச், பிட்ச்சர் கைய கீழ சுத்தி அண்டர்ஆர்ம்ல போடணும். பேஸ்பால் சுமார் 9 இன்ச், தோளுக்கு மேல கைய வீசிப் போடணும். ரெண்டும் வேற வேற வித்தை, ஒண்ணுல கெட்டிக்காரியா இருந்தா இன்னொன்னு தானா வந்துடாது. இத மொதல்லயே ஏன் சொல்றேன்னா, பொண்ணு நல்லா எறியிறான்னு தெரிஞ்ச உடனே ஆளாளுக்கு "சாஃப்ட்பால்ல போடுங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. அவளுக்கு ஆசைன்னா போகட்டும், ஆனா அவ பொண்ணுங்கிற ஒரே காரணத்துக்காக தள்ளி விடாதீங்க.

பொண்ணுங்கள சேக்கலாமான்னு டவுட் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவுல 1972ல ஹோபோக்கன்ங்கிற ஊர்ல மரியா பெப்பேன்னு ஒரு பொண்ணு மூணு மேட்ச் பிட்ச் பண்ணா, அதுக்குள்ள பொண்ணுங்க ஆடக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, கேஸ் போய் 1974ல லிட்டில் லீக், அதாவது சின்னப் பிள்ளைங்களுக்கான பேஸ்பால் அமைப்பு, பொண்ணுங்களுக்கு கதவ திறந்துச்சு. அது முடிஞ்சு அம்பது வருசம் ஆச்சு, அதனால பாடாங்ல (மைதானத்துல) யாராவது வந்து பொண்ணு ஆடலாமான்னு கேட்டா நீங்க தயங்கித் தயங்கி பதில் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன், பால் கவுண்ட், அதாவது ஒரு நாள்ல எத்தன பந்து போடுறான்னு எண்ணுறது. பொண்ணு நல்லா போடுறான்னா கோச்சுக்கு அவளத்தான் கூப்பிடத் தோணும், டீம் தோக்குற நேரம் கூப்பிடுவாங்க, பைனல்னா கூப்பிடுவாங்க, அவளும் மாட்டேன்னு சொல்ல மாட்டா, ஏன்னா கை வலிக்குதுன்னு சொன்னா "பாத்தியா, பொண்ணு"ன்னு சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம் உள்ளுக்குள்ள இருக்கும். எங்களுக்கு அதான் நடந்துச்சு. ஒரு டோர்னமென்ட்ல சனி ஞாயிறு ரெண்டு நாளும் அவளத்தான் போட வெச்சாங்க, நான் நல்லா விசில் அடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், எத்தனை பால்னு ஒருத்தரும் எண்ணல, நானும் எண்ணல. திங்கக்கெழம காலையில தலை சீவ கைய தூக்க முடியல அவளால. முழங்கையோட உள்பக்கம் தொட்டா வலி. வளர்ற பிள்ளைங்களுக்கு அந்த எடத்துல எலும்பு நுனி இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும், திரும்பத் திரும்ப வீசும்போது தசை அத இழுத்து இழுத்து புண்ணாக்கிடும், டாக்டர் அப்படித்தான் வெளக்கினாங்க. ரெண்டு மாசம் பந்த தொடக்கூடாதுன்னுட்டாங்க. அந்த ரெண்டு மாசம் அவ க்ளவ்வ மட்டும் மாட்டிக்கிட்டு டிவி பாத்துட்டு உக்காந்திருந்தத நெனச்சா இன்னும் எனக்கு மனசு கேக்காது.

அதனால ஒரு கிளிக்கர் வாங்குங்க, கட்டை விரலால அழுத்துனா நம்பர் ஏறுமே அது, பத்து ரிங்கிட் கூட ஆகாது. லிட்டில் லீக் கணக்குப்படி 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75 பால், 11, 12 வயசுக்கு 85, 13லேர்ந்து 16 வரைக்கும் 95. அதுக்கப்புறம் ரெஸ்ட். 14 வயசு வரைக்கும் 20 பாலுக்குள்ளன்னா ரெஸ்ட் வேணாம், 21லேர்ந்து 35னா ஒரு நாள், 36லேர்ந்து 50னா ரெண்டு நாள், 51லேர்ந்து 65னா மூணு நாள், 66க்கு மேல போனா நாலு நாள். இன்னொன்னு, 41 பாலோ அதுக்கு மேலயோ போட்டவ அன்னைக்கு கேட்ச்சரா, அதாவது பேட்ஸ்மேன் பின்னாடி இருந்து பந்தப் பிடிக்கிற ஆளா, உக்காரக் கூடாது, ஏன்னா கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியிறவங்கதான். உங்க டீம் இத ஃபாலோ பண்ணுதோ இல்லையோ நீங்க பண்ணுங்க. வருசத்துல நாலு மாசம் பந்து எறியவே கூடாது, அதுல ரெண்டு மூணு மாசம் சேந்தாப்ல விடணும்னும் சொல்லியிருக்காங்க, அந்த நேரம் நீச்சல் போகட்டும், ஓடட்டும்.

நம்பர் மட்டும் பாத்தா போதாது, கையையும் பாருங்க. என் மகளுக்கு ஒரு அம்பது பாலுக்கு மேல முழங்கை மெதுவா தோளுக்கு கீழ இறங்கும், பந்து உயரமா போக ஆரம்பிக்கும், ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவுல கைய தொங்கப் போட்டு ஒரு உதறு உதறுவா. அந்த உதறல பாத்துட்டேன்னா நம்பர் என்னவா இருந்தாலும் நான் எந்திரிச்சி கோச் பக்கத்துல போய் நின்னுடுவேன். கோச்கிட்ட சண்டை போட வேணாம், மேட்சுக்கு முன்னாடியே "கோச், இன்னைக்கு இவளுக்கு எத்தன பால் வெச்சிருக்கீங்க, அடுத்து யாரு வார்ம்அப் பண்றாங்க"ன்னு மரியாதையா கேட்டு வெச்சிட்டா பாதி வேலை முடிஞ்சிடும்.

அடுத்து என்ன பந்து கத்துக்கிறது. 12 வயசு வரைக்கும் ஃபாஸ்ட்பாலும் (வேகமா போறது) சேஞ்ச்அப்பும் (அதே கை வீச்சுல மெதுவா போறது) போதும், கர்வ்பால் (வளைஞ்சு போறது) வேணாம், யூடியூப் பாத்துட்டு வந்து கேப்பா, விடாதீங்க. ஃபாஸ்ட்பாலுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையல் மேல குறுக்கால படுற மாதிரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம் விட்டு, கட்டை விரல் நேர் கீழ. பந்து உள்ளங்கையில ஒட்டக்கூடாது, கொஞ்சம் காத்து போற மாதிரி இருக்கணும். சேஞ்ச்அப்புக்கு சின்னக் கை இருக்கிறவங்க மூணு விரல் வெச்சி பந்த நல்லா உள்ளங்கைக்கு கொண்டு போகணும். கை வீசுற வேகம் மட்டும் அதே வேகமா இருக்கணும், இதான் முக்கியம், கைய மெதுவா வீசுனா பேட்ஸ்மேன் கண்டுபிடிச்சிடுவான். பிடி மாறினதால பந்துதான் மெதுவா போகும், கை ஏமாத்தும்.

இத எங்க பழகுறதுன்னு கேட்டா, நாங்க ஃப்ளாட் கார் பார்க்லதான். லிட்டில் லீக்ல பிட்ச்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் (பேட்ஸ்மேன் நிக்கிற எடத்துல தரையில இருக்கிற தட்டு) 46 அடி, அதாவது 14 மீட்டர், பிளேட் அகலம் 17 இன்ச். கோலமாவுல ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு பிளேட் வரைஞ்சி, பின்னாடி பழைய மெத்தைய சாத்தி வெச்சிருக்கோம். பிளேட்ட மூணா பிரிச்சி இடது ஓரம், வலது ஓரம்னு சொல்லிப் போடச் சொல்லுவேன், நடு வேணவே வேணாம். வாரத்துக்கு ரெண்டு நாள், 25 பால், அதையும் கிளிக்கர்ல போடுங்க.

கன்ட்ரோல் மேல நான் இவ்ளோ அழுத்துறதுக்கு காரணம் இருக்கு. பொண்ணுங்க பசங்களுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே கிடுகிடுன்னு வளர்ந்திடுறாங்க, 11, 12ல டீம்லயே உங்க பொண்ணுதான் உயரமா, வேகமா இருக்கலாம், எல்லாரும் ஆகா ஓகோன்னுவாங்க. 13, 14ல பசங்க தோள் விரிஞ்சிடும், அதே நேரத்துல மைதானமும் பெருசாகும், 46 அடி போய் 60 அடி 6 இன்ச் வந்துடும். வேகத்த மட்டும் நம்பியிருந்தவ அப்ப ரொம்ப ஒடஞ்சி போயிடுவா, இந்த வயசுலயே ஓரத்துல போடவும் வேகத்த மாத்திப் போடவும் கத்துக்கிட்டவளுக்கு அப்பவும் கையில ஏதாவது இருக்கும். 2014ல அமெரிக்காவுல வில்லியம்ஸ்போர்ட்ல லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸ்ல மோனே டேவிஸ்னு 13 வயசுப் பொண்ணு, மணிக்கு 70 மைல், நம்ம கணக்குல சுமார் 113 கிலோமீட்டர் வேகத்துல போட்டான்னு எல்லாரும் வேகத்தத்தான் பேசுவாங்க. அவ அங்க ஒரு மேட்ச்ல எதிர் டீமுக்கு ஒரு ரன் கூட விடல, எட்டு பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணா (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்), ஒரு வாக் கூட கொடுக்கல, அதாவது குறி தப்பி நாலு பந்து போட்டு யாரையும் சும்மா மொத பேஸுக்கு அனுப்பல. நான் மகளுக்கு காட்டுறது அந்த கடைசி விஷயத்த. அப்புறம் ஜப்பான்ல எரி யோஷிடா, 2008ல 16 வயசுல ஆம்பளைங்க ப்ரொஃபஷனல் டீம் ஒண்ணு அவங்கள டிராஃப்ட்ல (டீமுங்க ஆளெடுக்கிற தேர்வுல) எடுத்துச்சு, அவங்க போட்டது நக்கிள்பால், சுத்தாம ஆடி ஆடி மெதுவா வர்ற பந்து.

சின்னச் சின்ன விஷயம் சிலது இருக்கு, இதெல்லாம் ஆம்பளை கோச்சுங்க சொல்ல மாட்டாங்க. தலைக்கு தேங்கா எண்ணெய் மேட்ச் அன்னைக்கு வேணாம். எங்களுக்கு ஒரு மேட்ச்ல பந்து வழுக்கிட்டே போச்சு, என்னன்னு பாத்தா ஒவ்வொரு பாலுக்கும் முன்னாடி நெத்தி முடிய ஒதுக்குறா, எண்ணெய் அப்படியே விரலுக்கு வந்துடுது, நம்ம ஊரு புழுக்கத்துக்கு வேர்வையும் சேந்துக்கும். இப்ப மொத நாள் ராத்திரி தலைக்கு குளிச்சிடுறா, ரெட்டப் பின்னல் போட்டு மடிச்சிக் கட்டி தொப்பிக்குள்ள, தொங்குற சடை கைய வீசும்போது தோள்ல மாட்டும். மணிக்கட்டுல கயிறு இருந்தா அம்பயர் கழட்டச் சொல்லுவாரு, பேட்ஸ்மேன் கண்ணுக்கு ஆடுதுன்னு. பத்துமலையில கட்டுன கயிற அறுக்க அவ பாட்டிக்கு மனசு வரல, அதனால கணுக்கால்ல கட்டி சாக்ஸுக்குள்ள விட்டுட்டோம்.

பேன்ட் வெள்ளையா இருந்தா கோச்கிட்ட கருப்போ நேவி ப்ளூவோ கேளுங்க, டீம் முழுக்க மாத்திட்டா இன்னும் நல்லது. பீரியட்ஸ் எப்ப ஆரம்பிக்கும்னு தெரியாத வயசு, நாலு இன்னிங்ஸ் எல்லாரும் அவளத்தான் பாத்துட்டு இருப்பாங்க. பேக்ல ஒரு தனி பை, சானிட்டரி பேட், இன்னொரு பேன்ட், ஜிப்லாக். பாடாங்ல டாய்லெட் எங்க இருக்குன்னு போன உடனே பாத்து வெச்சிடுங்க. பிராக்டிஸ காலையில வைங்க, சாயங்காலம் மழையும் மின்னலும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, இடி சத்தம் கேட்டாலே மைதானத்த விட்டு உள்ள கூட்டிட்டு வந்துடுங்க.

டீம்ல பசங்களோட எப்படின்னு நெறைய பேர் கேக்குறாங்க. எல்லாரையும் ஃப்ரண்ட் ஆக்க வேணாம், கேட்ச்சர் ஒருத்தன் போதும். அவன் அவ பந்த நம்பணும், அவ அவன் காட்டுற எடத்த நம்பணும். நான் பிராக்டிஸுக்கு அரை மணி முன்னாடியே போய் ரெண்டு பேரையும் எறிய விட்டுடுவேன், அவன் அம்மாவுக்கும் எனக்கும் அதுல பழக்கமாகி இப்ப அவங்க பையனுக்கும் நான்தான் குடிக்க ஹன்ட்ரட் ப்ளஸ் வாங்குறது. பேக் தூக்குறது, ரவுண்ட் ஓடுறது எல்லாம் அவளுக்கும் அதே கணக்குதான், சலுகை கேக்காதீங்க. அவகிட்ட அவுட் ஆன பையன "பொண்ணுகிட்டயா அவுட்டான"ன்னு பெரியவங்க யாராவது கிண்டல் பண்ணா மட்டும் சும்மா இருக்காதீங்க, அது அந்தப் பையனையும் நோகடிக்கும், இவளையும் நோகடிக்கும். பிள்ளைங்க அப்படி இல்ல. ஒரு தடவ சேஞ்ச்அப்புக்கு மூணு தடவ காத்த அடிச்ச ஒரு சீனப் பையன் மேட்ச் முடிஞ்சி நேரா வந்து "மாச்சாம் மானா பெகாங்?"னு கேட்டான், எப்படிப் பிடிக்கிறன்னு. ரெண்டு பேரும் தரையில உக்காந்து பந்த மாத்தி மாத்திப் பிடிச்சிட்டு இருந்தாங்க, அந்தப் பக்கம் அவங்கப்பா கார் ஹார்ன் அடிச்சிட்டே இருக்காரு.

வீட்டுல சொந்தக்காரங்க, தீபாவளிக்கு வந்து "வெயில்ல கறுத்துப் போயிட்டாளே, ஆம்பள பசங்களோட என்ன ஆட்டம்"னு ஆரம்பிப்பாங்க. அவ காது பட பேச விடாதீங்க, அவங்கள அடுத்த மேட்சுக்கு கூட்டிட்டுப் போங்க. என் மாமியார் ஒரு தடவ வந்தாங்க, இப்ப குடை புடிச்சிக்கிட்டு மொத வரிசையில அவங்கதான்.

போன ஞாயித்துக்கெழம அஞ்சாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னாடி இருக்கோம், நான் கிளிக்கர கையில வெச்சிக்கிட்டு இன்னும் எந்திரிக்கல, அவளே க்ளவ்வ கக்கத்துல வெச்சிக்கிட்டு கோச்ச பாத்து "கோச், கை கனக்குது, ஆள மாத்துங்க"ன்னா. நான் குனிஞ்சி பாத்தேன், 61. திங்கள், செவ்வா, புதன் ரெஸ்ட், வியாழக்கெழமதான் இனி பந்து.