சின்த்வேவ் பாடலைக் கணினியில் அமைக்கும் முறை

1980களின் சின்தசைசர் (மின்னணு ஒலியாக்கி) ஒலியை நினைவூட்டும் இசைவகையான சின்த்வேவில் பாடல் அமைக்க முனைபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, 1980களின் இசையை அப்படியே நகலெடுப்பது இங்கு நோக்கமன்று என்பதாகும். 2000களின் பிற்பகுதியில் பிரான்ஸைச் சேர்ந்த கவின்ஸ்கி, காலேஜ் போன்ற கலைஞர்கள் இந்த வகைக்கு உருக்கொடுத்தபோது, இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் தம் திரைப்படங்களுக்குத் தாமே அமைத்த பின்னணி இசையும், டேஞ்சரின் டிரீம் குழுவின் சின்தசைசர் படைப்புகளும், பழைய வீடியோ கேம்களின் ஒலிகளும் மூலப்பொருளாக அமைந்தன. ஆனால் கிக் டிரம்மும் தாழ்சுரப் பாஸும் தாங்கி நிற்கும் விதம் பிரெஞ்சு ஹவுஸ் நடன இசையிலிருந்து வந்தது. ஒலியின் நிறம் பழையது, அடித்தளத்தின் கனம் புதியது. எல்லாவற்றையும் பழையதாக்க முயன்றால் பாடல் மெலிந்துவிடும். எல்லாவற்றையும் புதியதாக விட்டுவிட்டால் சின்த்வேவ் என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சாது.

கருவிகளுக்காகப் பெரிதாகச் செலவிட வேண்டியதில்லை. எல்எம்எம்எஸ் போன்ற இலவச இசையமைப்பு மென்பொருளும், யமஹா டிஎக்ஸ்7 கருவியின் ஒலியைத் தரும் டெக்ஸ்ட் (Dexed) என்னும் பிளக்-இன்னும் (அந்த மென்பொருளுக்குள் இயங்கும் துணைநிரல்), சர்ஜ் எக்ஸ்டி என்னும் இலவச சின்தசைசரும் ஒரு முழுப் பாடலுக்குப் போதும். கருவிகளைத் தேடிச் சேர்ப்பதைவிட அவற்றைக் குறைத்துக்கொள்வதே இங்கு நல்ல பயனைத் தரும். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சின்தசைசர் ஒரே நேரத்தில் 6 சுரங்களை மட்டுமே ஒலிக்கவல்லது. அதனைக் கொண்டு இசையமைத்தவர் எந்தச் சுரத்தை விடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. டிரம்ஸ், பாஸ், பேட் (பின்னணியில் நீளும் சுரங்கள்), ஆர்பெஜியோ (கோவையின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது), லீட் (முன்னணி மெட்டு) ஆகிய ஐந்து டிராக்குகளுக்குள் பாடலை முடிப்பதென்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேகத்தை நிமிடத்துக்கு 80 முதல் 118 துடிப்புகளுக்குள் வைத்துக்கொள்ளலாம். இரவு நேரக் கார்ப் பயணத்தை நினைவூட்டும் பாடலுக்கு 100 பொருத்தமானது என்பதால், கீழே தரப்படும் கணக்குகள் அந்த வேகத்தையே கொண்டவை. சுரக்கோவைக்கு (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் அடுக்கு) ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஜி மேஜர் என்ற வரிசை பழகிப்போனதுதான். இருந்தாலும் இந்த வகையில் புதுமை கோவையில் இருப்பதில்லை, ஒலிநிறத்தில்தான் இருக்கிறது. அந்த நான்கையும் ஏ-சி-இ, ஏ-சி-எஃப், ஜி-சி-இ, ஜி-பி-டி என்று அடுக்கினால், ஒரு கோவையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது எந்தச் சுரமும் தொலைவுக்குத் தாவாது. பேட் ஒலி வழுக்கிக்கொண்டு செல்வதுபோல் கேட்பதற்கு இதுவே பெருங்காரணம்.

டிரம்ஸுக்கு 1982இன் லின்டிரம் அல்லது 1980இன் ஓபர்ஹெய்ம் டிஎம்எக்ஸ் டிரம் இயந்திர ஒலிகளின் மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கிக்கை நான்கு துடிப்புகளிலும், ஸ்நேர் டிரம்மை இரண்டிலும் நான்கிலும் இட்டால் போதும். ஆனால் அந்த ஸ்நேரைத் தீட்டுவதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். 1980இல் வெளிவந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாம் இசைத்தொகுப்புக்கு ஃபில் காலின்ஸ் வாசித்தபோது, ஒலிப்பொறியாளர் ஹியூ பாட்ஜம், வாசிப்பவரோடு பேசுவதற்காக வைத்திருந்த ஒலிவாங்கியில் தற்செயலாகக் கேட்ட முரட்டு ஒலியைப் பிடித்து, அதன் எதிரொலியை, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கொண்டு சட்டென்று வெட்டினார். ஒரு பெருமண்டபத்தின் விரிவு எழும்பி, அடங்குவதற்குள் காணாமற்போகும் அந்த ஒலி பின்னர் அந்தப் பத்தாண்டின் முத்திரையாகவே ஆகிவிட்டது.

அதனைக் கணினியில் அமைக்க, ஸ்நேரைத் தனியான ரிவெர்ப் (எதிரொலி) துணை டிராக்குக்கு அனுப்பி, அங்கே 2 முதல் 3 விநாடி நீளமுள்ள ஹால் ரிவெர்ப் ஒன்றை வைத்து, அதற்குப் பின்னால் கேட்டைப் பொருத்த வேண்டும். கேட்டைத் திறக்கும் ஆணை ரிவெர்ப் ஒலியிலிருந்து வராமல், சைடுசெயின் (வேறொரு டிராக்கின் ஒலியைக் கொண்டு கட்டுப்படுத்தும் இணைப்பு) வழியாக அசல் ஸ்நேரிலிருந்தே வரும்படி இணைப்பது முக்கியம்; இல்லையென்றால் கேட் எப்போது மூடும் என்பது நம் கையில் இராது. 100 வேகத்தில் ஒரு துடிப்பு 600 மில்லிவிநாடியும் அரைத்துடிப்பு 300 மில்லிவிநாடியும் நீடிக்கும். கேட்டின் ஹோல்டை (திறந்து நிற்கும் நேரம்) 220 மில்லிவிநாடி அளவிலும் ரிலீஸை (மூடிக்கொள்ளும் நேரம்) 40 மில்லிவிநாடி அளவிலும் வைத்தால், அடுத்த ஹை-ஹாட் (சிறு தாளத் தட்டு) விழும் முன்பே எதிரொலி அறுந்து, இடையில் ஒரு சிறு வெற்றிடம் கிடைக்கும். அந்த வெற்றிடம் இல்லையேல் ஸ்நேர் மங்கலாகவே கேட்கும்.

பாஸுக்கு ரம்பப்பல் வடிவச் சா அலை ஒன்றையும், அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே சதுர அலை ஒன்றையும் எடுத்து, தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரின் கட்-ஆஃபை (வெட்டும் எல்லையை) 350 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஃபில்டர் சிறிது திறந்து மூடும்படி என்வலப்பை அமைக்கலாம். அரைத்துடிப்புக்கு ஒன்றாக ஓயாமல் ஓடும் பாஸ்தான் பாடலுக்குச் சாலையில் செல்லும் உணர்வைத் தருகிறது. கிக் விழும் ஒவ்வொரு முறையும் பாஸும் பேடும் 4 முதல் 6 டெசிபெல் வரை தாழ்ந்து எழும்படி சைடுசெயின் கம்ப்ரஷன் இட வேண்டும். 1980களின் பாடல்களில் இந்தப் பம்பிங் கேட்காதே என்று நுட்பமான காதுள்ளவர் ஆட்சேபிக்கலாம். உண்மைதான், இது நடன இசையிடமிருந்து பெற்ற சொத்து, விட்டுக்கொடுப்பதற்கில்லை.

பழைய கருவிகளின் சுருதி மெல்ல அலைந்துகொண்டிருக்கும் என்று கேள்விப்பட்டு, எல்லா டிராக்குகளிலும் சுருதித் தள்ளாட்டத்தைச் சேர்ப்பவர்கள் பலர். இது பொருத்தமற்றது. புரோஃபெட்-5, ஓபர்ஹெய்ம் ஓபி-எக்ஸ்ஏ போன்ற அனலாக் சின்தசைசர்களின் ஆசிலேட்டர்கள் (ஒலியலையை உண்டாக்கும் பகுதிகள்) வெப்பத்துக்கேற்ப அலைந்தன. அந்தச் சாயலில் அமையும் பேடுக்கு, இரு சா அலைகளை 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலக்கி, மிக மெதுவான ஒழுங்கற்ற அசைவை 3 அல்லது 4 சென்ட் அளவுக்குச் சேர்க்கலாம். ஜூனோவின் ஆசிலேட்டரோ டிஜிட்டல் முறையில் கட்டுப்படுத்தப்பட்டதால் சுருதியில் நிலையாக நின்றது. ஒரு சுரத்துக்கு ஒரே ஆசிலேட்டர் கொண்ட அக்கருவிக்குச் செழுமை தந்தது அதனுள் இருந்த கோரஸ் (ஒலியைச் சற்றே விலகிய தன் நகலோடு கலக்கும் விளைவு) ஆகும். ஆகவே ஜூனோ சாயலுக்குக் கோரஸ் போதும். 1983இல் வந்த டிஎக்ஸ்7 முழுக்க டிஜிட்டல் கருவி என்பதால், அதன் மணியோசை போன்ற ஒலிகளை எந்த அசைவுமின்றிக் கூர்மையாகவே விட்டுவிட வேண்டும். ஒன்று அலைய, ஒன்று நிலைத்து நிற்க, இரண்டும் சேரும்போதுதான் அந்தக் காலத்து ஸ்டூடியோவின் வாசனை வரும்.

ஆர்பெஜியோ பதினாறில் ஒரு பங்குச் சுரங்களாக (ஒரு துடிப்புக்கு நான்கு) ஓடட்டும். அதன் ஃபில்டரை 16 பார்களில் (ஒரு பாருக்கு நான்கு துடிப்புகள்) மெல்லத் திறப்பதைத் தவிர அதற்கு வேறு அலங்காரம் வேண்டாம். லீட் மெட்டு பாடத் தக்கதாக இருக்க வேண்டும். சுரத்திலிருந்து சுரத்துக்கு 70 மில்லிவிநாடி வழுக்கலும், நீண்ட சுரங்களில் சற்றுத் தாமதித்துத் தொடங்கும் வைப்ரேட்டோவும், 450 மில்லிவிநாடி டிலேயும் சேர்ந்தால் தனிமை கலந்த குரலொன்று கிடைத்துவிடும்.

கேசட் நாடாவின் தள்ளாட்டத்தை முழுக் கலவைக்கும் பூசாமல், அறிமுகப் பகுதியிலும் இறுதியிலும் மட்டும் சேர்ப்பது நல்லது. பாடல் முழுவதும் தேய்ந்து ஒலித்தால் செவி சில நொடிகளிலேயே அதற்குப் பழகிவிடும். தேய்ந்த அறிமுகத்திலிருந்து முழு ஒலி திடீரெனத் திறக்கும்போதுதான் ஏக்கம் உறைக்கிறது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் மோனோவில் (இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஒலியாக) வைத்துக்கொள்வதும் அவசியம்.

அட்டைப்படத்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும். கருநீலம், மெஜந்தா, இளஞ்செம்மஞ்சள் என மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்வது நன்று. தரையில் விரியும் கட்டக்கோடுகள், பரப்புகளை நிறத்தால் நிரப்ப வலுவற்ற பழைய கணினிகள் வெறும் கோடுகளால் வரைந்த உருவங்களின் எச்சம். ஆகவே கிடைக்கோடுகளின் இடைவெளி பார்வையாளரை நோக்கி வர வர அகல வேண்டும், தொடுவானத்தில் நெருங்க வேண்டும். சூரியனை வெட்டும் பட்டைகளும் கீழே செல்லச் செல்லத் தடிக்க வேண்டும். விஎச்எஸ் வீடியோ நாடாவின் சாயல் தேவையெனில், சிவப்பையும் நீலத்தையும் 2 அல்லது 3 பிக்சல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தலாம். அந்த நாடாவில் நிறத்தின் விவரம் வெளிச்சத்தின் விவரத்தைவிட மிகக் குறைவாகப் பதிவானதால், நிறம் கிடைமட்டத்தில்தான் கசிந்தது. மேலும் கீழும் நகர்த்திய படம் அச்சுப்பிழையைப் போலத் தோன்றும். எழுத்துக்குக் குரோம் பளபளப்புத் தருவதாக இருந்தால், கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவுக்குச் சுருக்கியும் பாடலின் பெயர் படிக்கக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடவும்.