வெளிநாட்டு மருத்துவ முகாமுக்குப் போகிறவர்கள் முதலில் பொறளைக்குப் போங்கள்

"அக்கா, உகண்டாவில் ஒரு மருத்துவ முகாமுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?" என்று எங்கள் வார்டில் இளம் தாதிமார் கேட்பதுண்டு. டிக்கெட் பிறகு பார்க்கலாம், முதலில் கொழும்பில் பொறளைக்குப் போங்கள் என்பேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அங்கே மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் உகண்டாவுக்குள் நுழையக் கட்டாயம் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும் என்பதால், கடைசி வாரத்தில் ஓடிப் பிரயோசனமில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016 ஜூலையிலிருந்து விதி அப்படி. கர்ப்பமாக இருந்தாலோ முட்டை ஒவ்வாமை இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் நோய்க்கான மூன்று தடுப்பூசியும் முடிய ஆறு மாதமாகும், அதையும் இப்போதே பாருங்கள்.

இன்னொன்று. நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கவேண்டும். அந்த மருந்து முகாமில் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

தொண்டு வேலைதானே என்று பத்திரங்களை விடமுடியாது. நோயாளியைத் தொட அந்த நாட்டு மருத்துவ அல்லது தாதியர் பேரவையின் தற்காலிகப் பதிவு வேண்டும். வைத்தியர்கள் இலங்கை மருத்துவப் பேரவையில் நற்சான்றிதழ் எடுக்கவேண்டும். அரச சேவையில் இருப்பவர்கள் வெளிநாட்டு விடுமுறைக்கு நேரத்தோடு எழுதிப்போடுங்கள்.

சரி, மருந்து. நீங்கள் போகப்போவது தெரிந்தால் வெள்ளவத்தையில் பாதி வீடுகளிலிருந்து பை வரும். எங்கள் மாடியில் இருக்கும் அன்ரி ஒருவர், காலமான கணவருடைய பிரஷர் குளிசைகளைக் கொண்டுவந்து தந்தார். நல்ல மனசு. ஆனால் அட்டைகள் பாதியில் வெட்டியவை. வெட்டிய பக்கத்தோடு காலாவதித் திகதியும் போயிருந்தது, ஒன்றில் மருந்தின் பெயரே அரைவாசிதான். அன்போடு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நெறியும் அதுதான்: ஒருவருக்குக் கொடுத்து மீந்த மருந்தை அனுப்பக்கூடாது, போய்ச்சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சமிருக்கவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, கேட்காத மருந்துகள் இங்கே வந்து சேர்ந்தபோது அவற்றைத் தரம்பிரிக்க எவ்வளவு கஷ்டம் என்று இந்த நாட்டுக்குத் தெரியும். அதே வேலையை இன்னொரு நாட்டுத் தாதியின் தலையில் கட்டவேண்டாம். அங்குள்ள மருந்தாளரிடம் பட்டியல் கேளுங்கள், அதிலுள்ளதை மட்டும் உடைக்காத பெட்டியாக, பற்றுச்சீட்டோடு கொண்டுபோங்கள். மோர்பின், டயஸபாம் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை அனுமதிப் பத்திரமில்லாமல் தொடவே கூடாது.

அப்புறம் நாரஹேன்பிட்ட. அங்கே மலேரியா தடுப்பு இயக்கத்தில் எந்த நாடு, எத்தனை நாள் என்று சொன்னால் தடுப்புக் குளிசை இலவசமாகத் தருவார்கள். மருந்தைப் பொறுத்து, சிலதைப் புறப்பட இரண்டு மூன்று வாரம் முந்தியே தொடங்கவேண்டும். திரும்பி வந்தபின்னும் சிலதை நான்கு வாரம் விடாமல் போடவேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2012க்குப் பிறகு இலங்கையில் மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவியதில்லை. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது, நம் இரத்தத்தில் கிருமி வந்தால் அதற்குப் போதும்.

ஆகவே வந்தபின் ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "உகண்டாவுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொழும்பில் யாரும் முதலில் டெங்கைத்தான் தேடுவார்கள். மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லி, அன்றைக்கே கேளுங்கள். அடுத்த நாளுக்குத் தள்ளவேண்டாம்.