மூலம் என்று எழுதுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு ஆண்டுதோறும் புதிய பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். மூலநோய் விஷயத்தில் அந்த வயதில் நாங்கள் செய்த பிழைகளையே, அதே உறுதியோடு, அவர்களும் செய்கிறார்கள். கையுறை, நோயாளியின் கூச்சம் போன்ற எவருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வலியெல்லாம் மூலம் என்று எண்ணுவது

ஆசனவாயின் உட்பகுதியில் பற்கோடு என்ற எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேலே வலியுணர்வு இல்லாத சவ்வில் தோன்றுவது உள்மூலம். கீழே, வலியை நன்கு உணரும் தோலுக்கடியில் தோன்றுவது வெளிமூலம். ஆகவே சிக்கலற்ற உள்மூலத்தில் வலியின்றிச் சிவந்த ரத்தம் சொட்டும். மலம் கழிக்கையில் சுரீரென்று வலித்து, பின்னரும் நெடுநேரம் எரிந்தால் ஆசனவாய் வெடிப்பை நினைக்க வேண்டும். ஓயாத வலியோடு காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். ஊர்ச்சுவர் விளம்பரங்கள் மூலத்தையும், ஆசனவாய் அருகே துளையாகத் திறக்கும் பௌத்திரத்தையும் ஒரே மூச்சில் எழுதுவதால் நோயாளிகள் குழம்புவதில் வியப்பில்லை. மருத்துவர் குழம்பக் கூடாது.

மூலத்தின் நிலையைக் கண்ணால் பார்த்து மட்டுமே முடிவு செய்வது

நோயாளியிடம் கேளுங்கள். வெளியே வராதது முதல் நிலை, வந்து தானே உள்ளே போவது இரண்டாம் நிலை, கையால் தள்ள வேண்டியது மூன்றாம் நிலை, தள்ளியும் போகாதது நான்காம் நிலை.

மூலம் தெரிந்ததும் தேடலை நிறுத்துவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். விரல் பரிசோதனையே செய்யாதவரைத் திருத்திவிடலாம். ஆசனவாயினுள் பார்க்க உதவும் குழாய்க் கருவியான புரோக்டோஸ்கோப்பில், கடிகார முகப்பின் 3, 7, 11 மணித் திசைகளில் புடைப்பைக் கண்டு, ரத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதென்று நிறைவடைபவரைத் திருத்துவது கடினம், ஏனெனில் அவர் கண்டது உண்மை. ஆனால் மூலம் மிகப் பரவலாக உள்ள நோய் என்பதால் மலக்குடல் புற்று உள்ளவரிடமும் அது இருக்கக்கூடும். மூலம் இருப்பது வேறு, ரத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்பது வேறு.

ஐம்பது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், வேறிடத்தில் இரண்டாம் நிலை உள்மூலம் என்று சொல்லப்பட்டு, மாத்திரையும் களிம்புமாக ஓராண்டுக்கு மேல் கழித்த பின் எங்களிடம் வந்தார். சீட்டில் எழுதியிருந்தது பொய்யன்று, மூலம் இருந்தது. அதற்குச் சற்று மேலே, விரலுக்கு எட்டும் தொலைவில், கடினமான விளிம்போடு ஒரு கட்டியும் இருந்தது. காலையில் பலமுறை கழிப்பறைக்குப் போவதையும், போன பின்பும் மிச்சமிருப்பதாகத் தோன்றுவதையும் அவர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். விடை ஏற்கெனவே கிடைத்திருந்ததால் எவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆசனவாயைக் காக்கும் அறுவைக்கு நேரம் கடந்துவிட்டதால், இப்போது வயிற்றில் மலம் சேரும் பை பொருத்திக்கொண்டு வகுப்பெடுக்கிறார்.

மென்மையான உள்மூலம் பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படாது. மூலம் அல்லாதவற்றைத் தேடவே விரல் பரிசோதனை. 45 வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் புற்று உள்ளவர்கள், ரத்தசோகை, எடை இழப்பு, மலப் பழக்கத்தில் மாற்றம், மலத்தோடு கலந்து வரும் ரத்தம் ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ளவர்கள் ஆகியோருக்கு, மூலம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பற்றி மூத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்தம் உறைந்த வெளிமூலத்தைத் தாமதமாக வெட்டுவது

திடீரென்று நீலநிறத்தில் எழும் வலிமிக்க கட்டியை முதல் 72 மணி நேரத்துக்குள் வெட்டியெடுத்தால் வலி விரைவில் தணியும். நான்கைந்து நாட்கள் கழித்து, வலி குறையத் தொடங்கிய பின் வருபவருக்கு வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உட்கார்வதே போதும்.

ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தொடர்வது

தோல் மெலியும்.

உள்மூலத்தை இறுக்கி உதிரச் செய்யும் ரப்பர் வளையத்தைப் பற்கோட்டின் மீதே போடுவது

நோயாளியின் அலறலே சொல்லிவிடும்.

மருந்துப் பட்டியலைக் கேட்காமல் வளையம் போடுவது

வளையமிட்ட திசு ஏறக்குறைய 5 முதல் 10 நாட்களுக்குள் உதிரும்போது ரத்தம் கசியக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரிடம் அது பெருக்காக மாறலாம். இதய நோயாளி அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து என்பதால், வளையமிடும் நாளைக் குறிக்குமுன் அவருடைய இதய மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.