பழமாக வாங்காதீர்கள், செங்காயாக வாங்குங்கள்

குழுவாகக் கிராமங்களையும் தோட்டங்களையும் சுற்றும்போது, வீட்டுக்கான பழங்களைத் திரும்பும் வழியில் வரும் கடைசித் தோட்டத்தில் வாங்குங்கள். அதுவும் கனிந்ததாக வேண்டாம். முற்றிய காயாகவோ செங்காயாகவோ கேளுங்கள். மா, வாழை, பப்பாளி போன்றவை பறித்த பிறகும் பழுக்கும். பழுக்கும்போது எத்திலீன் வாயுவை வெளியிடுவதால், வேனின் புழுக்கத்தில் பெட்டிக்குள் ஒன்று கனிந்தால் போதும், மற்றவையும் விரைவாகப் பழுத்துக் குழைந்துவிடும். போதாக்குறைக்கு, எல்லோருடைய பைகளும் அந்தப் பெட்டியின் மேல்தான் வந்து விழும்! காய் அவ்வளவு எளிதில் நசுங்காது.

திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளைக்கு இது பொருந்தாது. பறித்தபின் அவற்றில் இனிப்பு அதிகரிக்காது. பழுத்ததையே சுவைத்துப் பார்த்து வாங்குங்கள். மரத்தடியிலேயே தின்பதற்கென்றால் எதுவானாலும் கனிந்ததே சரி.