மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது மைஎஸ்க்யூஎல் (அல்லது 2009இல் அதிலிருந்து பிரிந்த மரியாடிபி), போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகியவற்றில் ஒன்றைத்தான். தரவைக் கேட்கவும் மாற்றவும் எல்லாவற்றுக்கும் எஸ்க்யூஎல்தான் கட்டளை மொழி. ஆனால் நாம் எதுவும் சொல்லாதபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

தமிழ்த் தரவைச் சேமிப்பவர்கள் முதலில் எழுத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ‘மீனாட்சிசுந்தரம்’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் குறியும் தனித்தனி என்பதால் டேட்டாபேஸ் அதை 16 என்று எண்ணும். பெயருக்கு வார்கேர்(15), அதாவது 15 குறியீட்டுக்கு மேல் ஏற்காத வகை, வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத தரவை ஏற்காமல் பிழை காட்டும் அமைப்பு) அணைந்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லோ எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டுக் கடைசிப் புள்ளியை வெட்டிவிடும். பெயர் ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிற்கும். பெயருக்கு 100 தாராளமாக வையுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு பொறி உண்டு. அதில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுங்காலம் இருந்துவரும் எழுத்துக் குறியாக்கம் ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் கொள்ளாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்தான். அதனால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். யாராவது 4 பைட் எமோஜி ஒன்றைச் சேர்க்கும்போதுதான் பிழை வரும். டேபிள், இணைப்பு இரண்டிலும் ‘யுடிஎஃப்8எம்பி4’ என்றே குறிப்பிடுங்கள். 8.0 பதிப்பு முதல் இதுவே இயல்பு அமைப்பு என்றாலும், பழைய பதிப்பிலிருந்து வந்த டேபிள்கள் தாமாக மாறாது.

ஃபாரின் கீ (ஒரு டேபிளில் வரும் எண் இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற விதி) எழுதிவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். எஸ்க்யூலைட்டில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையால் இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் மைஐஎஸ்ஏஎம் என்ற சேமிப்பு இன்ஜினில் உள்ள டேபிளில் அந்த வரி சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும், இன்னோடிபி இன்ஜின் வேண்டும். இல்லாத வாடிக்கையாளர் எண்ணில் ஓர் ஆர்டரைச் சேர்த்துப் பாருங்கள். பிழை வரவில்லை என்றால் காவல் இல்லை. போஸ்ட்கிரெஸ் காவல் காக்கும், ஆனால் ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண் உள்ள நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) போடாது. நீங்கள் போடாவிட்டால் ஒரு வாடிக்கையாளரை நீக்கவும் ஆர்டர்கள் முழுவதையும் துழாவும்.

பணத்தை ஃப்ளோட் என்ற தோராயத் தசம வகையில் வைக்கவே கூடாது, 0.1 போன்ற எளிய தொகைகூட அதில் துல்லியமாக நிற்காது. நியூமெரிக்(12,2), அதாவது தசமத்துக்குப் பின் 2 உட்பட மொத்தம் 12 இலக்கம், போதும். எஸ்க்யூலைட்டில் அப்படிப்பட்ட துல்லிய வகை இல்லாததால் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள்.

அப்டேட், டெலீட் எழுதும்போது முதலில் ‘பிகின்’ கொடுங்கள். மாறிய வரிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததுதானா என்று பார்த்துவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்ய ‘கமிட்’. 1 வரிக்குப் பதில் 40,000 என்று வந்தால் மாற்றத்தை ரத்துசெய்ய ‘ரோல்பேக்’.

பேக்கப் என்று ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை நகலெடுப்பது வீண். பாதி எழுதிய பக்கங்களும் கூடவே வரும். தரவைக் கோப்பாக எடுத்துத் தரும் பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸுக்கு) அல்லது மைஎஸ்க்யூஎல்டம்ப் பயன்படுத்தி, வெற்று டேட்டாபேஸ் ஒன்றில் அதை மீட்டுப் பாருங்கள். பிஜி_டம்ப் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் எடுக்காது. அவற்றுக்குப் பிஜி_டம்ப்ஆல் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும்.