மோட்டார்ஹோமைக் கழுவப் போகிறீர்களா? முதலில் அந்தப் பிரஷர் வாஷரைக் கீழே வையுங்கள்

புதிதாக மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, வாங்கியவர்கள் முதல் நீண்ட பயணம் முடிந்ததும் வண்டியைக் கழுவ இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதைக்கிறது. நாங்களெல்லாம் தொடக்கத்தில் என்னென்ன செய்து வண்டியைக் கெடுத்தோமோ, அதையே ஒன்று விடாமல் செய்கிறார்கள். உச்சி வெயிலில் கழுவாதே, மண் ஒட்டிய துணியால் துடைக்காதே என்பதெல்லாம் கார் வைத்திருந்த யாருக்கும் தெரியும். அந்த கார் அனுபவமே காலை வாரிவிடும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

பிரஷர் வாஷர்

தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் இந்த இயந்திரம் காருக்குச் சரி, மோட்டார்ஹோமுக்கு ஆகாது. காரின் உடல், அச்சில் அழுத்தி வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த உலோகத் தகடு. மோட்டார்ஹோமின் சுவரோ பல அடுக்குகளாகச் செய்யப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு, நடுவே ஃபோம், அதைத் தாங்க மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ, உள்ளே பிளைவுட். எல்லாம் பசையால் ஒட்டியவை. சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, ஜன்னல், கதவு, பக்கவாட்டு விளக்கு, கூரைத் திறப்பு, பொருள் வைக்கும் பெட்டியின் மூடி என்று எங்கெல்லாம் வெட்டித் திறந்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் தண்ணீரைத் தடுத்து நிற்பது ரப்பரும், இடுக்கை அடைக்கப் பூசும் பசையான சீலன்ட் ஒரு கோடும்தான்.

அந்த சீலன்ட் மழையைத் தாங்குவதற்காகப் போட்டது. மழை மேலிருந்து விழும், வழிந்து போகும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிரஷர் வாஷரே 100 பார் அழுத்தத்துக்கு மேல் தரும். கார் டயருக்குள் இருப்பது இரண்டரை பார் போலத்தான். அந்த முனையைச் சுவருக்கு ஓர் அடி தூரத்தில் வைத்துக் கீழேயிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால், மழைத்தண்ணீர் ஒருநாளும் போகாத இடுக்குக்குள் தண்ணீர் ஏறும். நல்ல சீலன்ட்டே ஓரத்தில் கிளம்பிவிடும். வெயிலில் காய்ந்து மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வண்டியை லாரி கழுவும் இடத்தில் விட்டுவிடுவார். "லாரியையே கழுவுகிறோம், இதற்கென்ன" என்று சொல்லி, ஜன்னல் ரப்பரின் இடுக்கிலேயே முனையை வைத்து அடித்துக் கொடுப்பார்கள். வண்டி பளபளவென்று வரும், அவருக்கும் திருப்தி. சில மாதம் கழித்து, படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் ஈரத்துணி வாடை அடிக்கிறது, வந்து பார் என்றார். துணிகளை எல்லாம் வெளியே எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் நனையவில்லை. பின்பக்க ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கெட்டியாக இருக்க வேண்டிய பலகை உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது. ஈரப்பத மீட்டரை வைத்தோம். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அங்கே ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரைவரை 30-க்குக் குறையவே இல்லை. உள்பலகையைக் கழற்றினால் மரச்சட்டம் கறுத்துப் போயிருந்தது. நகத்தால் கிள்ளினாலே நார் நாராக வந்தது. அதில் முடுக்கியிருந்த திருகு, ஸ்குரூடிரைவர் இல்லாமலே கையோடு வந்துவிட்டது.

வெளியே போய்ப் பார்த்தோம். அதே இடத்தில் ஃபைபர்கிளாஸ் அடியிலிருந்து பிரிந்து ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு உப்பியிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. சுவரோடு சுவராக நின்று சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். இப்படி உப்பிய இடத்தில் பசையைச் செலுத்தி ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. உள்ளே மரம் மக்கியிருந்தால் அந்த ஒட்டு நிற்காது. சுவரைத் திறந்து, முழுக்கக் காயவைத்து, சட்டத்தை மாற்றி, மறுபடி மூட வேண்டும். வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் கிடக்கும். அவர் வண்டியும் அப்படித்தான் கிடந்தது.

"தண்ணீர்தானே, காய்ந்துவிடும்" என்ற பேச்சைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் புகாத இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மாட்டிய ஈரம் எந்த வழியாகக் காயும்? மாதக்கணக்கில் அங்கேயே இருந்து மரத்தைத் தின்னும். பல உற்பத்தியாளர்கள் வண்டியோடு தரும் கையேட்டிலேயே பிரஷர் வாஷர் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தவர்களைத்தான் காணோம்.

ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் வெளிச்சுவரில் கிராதி போட்ட திறப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அதன் பர்னரும் வயர்களும் அந்தக் கிராதிக்கு நேர் பின்னால்தான் இருக்கும். தோட்டக் குழாயைக்கூட அதற்கு நேராகக் காட்டக் கூடாது. மூடி இருந்தால் மாட்டிவிட்டுக் கழுவுங்கள், முடிந்ததும் மறக்காமல் கழற்றுங்கள். ஹீட்டரின் புகைபோக்கிக்கும் இதே எச்சரிக்கை. வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேபிளை, கழுவத் தொடங்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும்.

சரி, எதைக் கொண்டுதான் கழுவுவது? சாதாரண தோட்டக் குழாய், நீளும் கைப்பிடி போட்ட மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, பிரஷை அலச இன்னொரு வாளி. இது போதும். பிரஷர் வாஷர் வாங்கியாகிவிட்டது, சும்மா கிடக்கிறதே என்றால் சக்கர வளைவுக்குள் ஒட்டிய சேற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அகல முனையை மாட்டி, தள்ளி நின்று அடியுங்கள். டயரின் பக்கச்சுவரில் கிட்டே வைத்துப் பீய்ச்சினால் ரப்பரும் காயப்படும்.

சுவரில் தொடங்குவது

சுவரில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புக் கோடுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் நிறைய பேர். அந்த அழுக்கு பெரும்பாலும் கூரையிலிருந்து வருவது. கூரையில் படிந்த தூசியும் இலைச்சாறும், ரப்பர் கூரையாக இருந்தால் அது நாளாக நாளாக உதிர்க்கும் வெள்ளைத் தூளும், தூறல் விழுந்தாலே சுவரில் வழியும். கூரையைக் கழுவாமல் சுவரை மட்டும் தேய்த்தால் அடுத்த மழையில் கோடுகள் மறுபடி வந்து நிற்கும்.

ஆக, முதலில் கூரை. அதைக் கழுவும்போதே சுவர்களையும் நனைத்துக்கொண்டே இருங்கள். காய்ந்த சுவரில் அழுக்குத் தண்ணீர் வழிந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சுவருக்கு வரும்போது சோப்பைக் கீழிருந்து மேலாகப் போடுங்கள், அலசுவதை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். கூரை ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் என்றால் பெட்ரோலியம் கலந்த எதையும், ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய் சேர்த்த கிளீனரையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் ஊதி உப்பிவிடும்.

ஈரக் கூரையில் ஏறி நிற்பது

வேண்டவே வேண்டாம். ஏணியைத் தரையில் உறுதியாக ஊன்றி, நீள பிரஷால் எட்டிய வரைக்கும் தேயுங்கள்.

ஜன்னலைக் கண்ணாடி என்று நினைப்பது

டிரைவர் இருக்கும் பகுதியில் இருப்பது உண்மையான கண்ணாடி. பின்னால் வீட்டுப் பகுதியில் இருப்பவை பல வண்டிகளில் அக்ரிலிக், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். முன்கண்ணாடியை ஸ்பிரே அடித்துத் துடைத்த கை அப்படியே பின்ஜன்னலுக்கும் போய்விடுகிறது. அமோனியாவோ ஆல்கஹாலோ உள்ள ஸ்பிரே பட்டால் அக்ரிலிக்கில் சிலந்தி வலையின் இழைபோல நுண்ணிய வெடிப்புகள் விழும். தொட்டால் வழவழப்பாகவே இருக்கும், வெயில் பட்டால் மட்டும் மினுங்கும். அதைப் போக்க மருந்தில்லை, ஜன்னலைத்தான் மாற்ற வேண்டும்.

காய்ந்த துணியால் தூசி தட்டுவதும் அதே அளவுக்குக் கெடுதல், ஒவ்வொரு மணலும் ஒரு கீறல் போடும். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மென்மையான சோப்பும் கையுமாகத் தடவிக் கழுவுங்கள். விரல் நுனிக்கு மணல் நெருடினால் இன்னும் தண்ணீர் விடுங்கள். காய்ந்து ஒட்டிய பூச்சிகளின் மேல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் தானாக இளகும்.

பாத்திரம் கழுவும் திரவமும் 'மேஜிக்' ஸ்பாஞ்சும்

இரண்டும் முதல் நாள் அருமையாக வேலை செய்யும். திரவம் மெழுகுப் பூச்சை வழித்துக்கொண்டு போகும். கறை நீக்க விற்கும் அந்த ஸ்பாஞ்ச் மிக நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்வது, ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பையும் ஸ்டிக்கரின் நிறத்தையும் சேர்த்தே தேய்த்துவிடும். மெழுகு இல்லாத ஜெல்கோட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகும். விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்த நிலை வந்துவிட்டது. கார் கழுவவென்றே விற்கும் பி.எச். நடுநிலை (அமிலமும் காரமும் அல்லாத) ஷாம்பூவை வாங்குங்கள்.

ஈர ஆனிங்கைச் சுருட்டுவது

வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் துணிக்கூரைதான் ஆனிங். அதைக் காயவைத்துச் சுருட்டுங்கள். வழியில்லாமல் ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், மறுநாளே விரித்துவிடுங்கள்.

கழுவியதும் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவது

சுத்தமான சுவரில்தான் சீலன்ட்டின் நிலைமை தெரியும். கழுவித் துடைத்த கையோடு ஒரு சுற்று வாருங்கள். கூரை விளிம்பு, ஜன்னலின் கீழ் மூலைகள், விளக்குகளின் ஓரம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, ஓரம் தூக்கியதோ, மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் கசியும் இடமோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே குளியலறை சிலிக்கானைப் பூசி முடித்துவிடாதீர்கள். சிலிக்கான் ஒருமுறை படிந்தால் பின்னால் சரியான சீலன்ட் போட்டாலும் அதன் மேல் ஒட்டாது, ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கூரை எந்தப் பொருளால் ஆனது என்று கையேட்டில் பார்த்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். கிளம்பி நிற்கும் பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுத்து, அந்த இடம் முழுக்கக் காய்ந்ததும் புதிதாகப் போடுங்கள். கழுவிய அன்றைக்கே அவசரப்பட்டுப் போட்டால், இடுக்கில் இருக்கும் ஈரத்தை உள்ளேயே வைத்து மூடிவிடுவீர்கள்.