ஜம்பலாயா: நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் சோற்றை ஒரே பாத்திரத்தில் செய்வது எப்படி?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜம்பலாயா இரண்டு நிறங்களில் கிடைக்கும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையலில் (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிகள் கலந்த நகரச் சமையல்) தக்காளி சேர்ப்பார்கள், சோறு சிவப்பாக இருக்கும். கனடாவிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு வழியினரான கேஜன் மக்கள் வாழும் ஊர்ப்புறங்களில் தக்காளியே கிடையாது. கறி சிவக்கச் சிவக்க வறுபட்டு, அந்தப் பழுப்பு நிறம்தான் சோற்றில் ஏறும். 'உலகின் ஜம்பலாயா தலைநகர்' என்று சொல்லிக்கொள்ளும் கொன்சாலஸ் ஊரில் 1968 முதல் ஜம்பலாயா திருவிழா நடக்கிறது. அங்கே போனால் தக்காளிப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

முதல் தடவை செய்பவர்களுக்குச் சிவப்பு வகைதான் வசதி. வறுவல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தக்காளி ஈடுகட்டிவிடும். கம்போவுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்போ என்பது தனியாக வடித்த சோற்றின் மேல் ஊற்றும் குழம்பு. ஜம்பலாயாவில் அரிசியே கறியோடு சேர்ந்து அதன் சாற்றில்தான் வேக வேண்டும்.

தேவையானவை (4–5 பேருக்கு; 1 கப் = 240 மி.லி.)

- நீள அரிசி – 2 கப்
- எலும்பில்லாத கோழித் தொடைக் கறி – 400 கிராம்
- ஆண்டூயி அல்லது வேறு புகையூட்டிய சாசேஜ் – 300 கிராம்
- நடுத்தர இறால் – 250 கிராம் (உரித்தது, ஓடுகளைத் தூக்கிப் போட வேண்டாம்)
- வெங்காயம் – 300 கிராம்
- பச்சைக் குடைமிளகாய் – 150 கிராம்
- செலரித் தண்டு – 150 கிராம்
- பூண்டு – 5 பல்
- பொடியாக நறுக்கிய தக்காளி – 400 கிராம்
- தக்காளி பேஸ்ட் – 1 மேசைக்கரண்டி
- சூடான ஸ்டாக் (இறால் ஓட்டைக் கொதிக்கவிட்டு வடித்த சாறு) – 3 கப்
- வூஸ்டர் சாஸ் – 1 தேக்கரண்டி
- எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
- பே இலை – 2
- வெங்காயத் தாள், பார்ஸ்லி – ஒரு கைப்பிடி
- உப்பு

மசாலா: பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்) 2 தேக்கரண்டி, கருமிளகுத் தூள் 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் ½, கெயென் மிளகாய்த் தூள் ½ முதல் 1 வரை, காய்ந்த தைம் 1, காய்ந்த ஆரிகானோ 1. கடையில் விற்கும் கிரியோல் மசாலாக்களில் பெரும்பாலானவற்றில் உப்புதான் முதல் சரக்கு. அதைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கும் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. உப்பில்லாமல் வீட்டிலேயே கலந்துகொள்வது மேல்.

சரக்கு வாங்கும்போது

வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சேர்த்து லூசியானாவில் 'புனித மும்மை' என்பார்கள். செலரி கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டால் சோறு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஜம்பலாயா வாசனை வராது.

அரிசியில் அமெரிக்க நீள அரிசி சரியாக இருக்கும். புழுக்கிய நீள அரிசி இன்னும் பத்திரம். தண்ணீர் சற்றுக் கூடினாலும் குழையாது. ஸ்டாக்கை மட்டும் கால் கப் கூட்டுங்கள். பாஸ்மதிதான் இருக்கிறது என்றால் ஊறவைக்காமல் கழுவி, ஸ்டாக்கை 2½ கப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பொன்னி பச்சரிசியும் இட்லி அரிசியும் இதற்கு ஒத்துவராது.

ஆண்டூயி பன்றிக்கறியில் செய்வது. அது வேண்டாதவர்கள் புகையூட்டிய கோழி அல்லது மாட்டுக்கறி சாசேஜ் வாங்கலாம். புகை வாசனைதான் முக்கியம். சாதாரண சாசேஜ்தான் கிடைத்தது என்றால் பாப்ரிகாவிலாவது புகையூட்டியதாகப் பாருங்கள். பே இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போட்டால் லேசான பட்டை வாசனை வந்து சோறு பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டும் வேறு வேறு மரத்து இலைகள். நடுவில் ஒரே நரம்பு ஓடுவது பே இலை, மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடுவது பிரிஞ்சி இலை.

ஸ்டாக்குக்குக் கடைக் கட்டியைக் கரைப்பதை விட இறால் ஓடு எவ்வளவோ மேல். ஓடு, தலை எல்லாவற்றையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிவக்கப் புரட்டி, ஒரு லிட்டர் தண்ணீர், செலரி இலை சேர்த்து 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கசப்பு இறங்கும்.

படி 1: சாசேஜ்

அகலமான, அடி கனமான பாத்திரம் வேண்டும். இரும்பு என்றால் உத்தமம். நான்ஸ்டிக்கில் அடி பற்றாது, இந்தச் சமையலுக்கு அது பற்றியாக வேண்டும். சாசேஜை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, எண்ணெயில் மிதமான தீயில் 5–6 நிமிடம் வறுத்து எடுத்து வையுங்கள். கொழுப்பு பாத்திரத்திலேயே இருக்கட்டும்.

படி 2: கோழி

இங்கேதான் ருசி உண்டாகிறது, பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பெரிய துண்டுகளாக்கி, அரை தேக்கரண்டி உப்பும் மசாலாவில் ஒரு தேக்கரண்டியும் பிசிறுங்கள். இரண்டு தவணையாகப் போடுங்கள். ஒரே சமயத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், வறுபடாது. போட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் துண்டு தானாகவே அடியை விட்டுக் கிளம்பும், அப்போது திருப்புங்கள். உள்ளே வேகாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வையுங்கள்.

இப்போது அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். சோற்றுக்கு நிறமும் மணமும் அதுதான். கரும்பழுப்பு வரை போகலாம். கறுத்துவிட்டால் கசக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் புது எண்ணெயில் தொடருங்கள்.

படி 3: மும்மை

பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாயை அரை தேக்கரண்டி உப்புடன் சேருங்கள். அவை விடும் நீரில் படலம் ஊறும். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே வதக்குங்கள். 8–10 நிமிடத்தில் வெங்காயமே பழுப்பேறியிருக்கும். நசுக்கிய பூண்டைக் கடைசி ஒரு நிமிடத்தில் போட்டால் போதும்.

படி 4: தக்காளியும் மசாலாவும்

பேஸ்ட்டைச் சேர்த்து நிறம் ஆழமாகும் வரை இரண்டு நிமிடம், மீதி மசாலாவைச் சேர்த்து அரை நிமிடம் வதக்குங்கள். பிறகு தக்காளியைப் போட்டு, நீர் சுண்டி ஓரத்தில் எண்ணெய் தெரியும் வரை கிளறுங்கள். தக்காளி அளவைக் கூட்ட வேண்டாம். புளிப்பு மிகுந்தால் அரிசி மெதுவாகத்தான் மிருதுவாகும், நடுவில் விறைப்பு நின்றுவிடும்.

படி 5: அரிசி

அலசி நன்றாக வடித்த அரிசியைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். கோழி, சாசேஜ், பே இலை, வூஸ்டர் சாஸ், சூடான ஸ்டாக் எல்லாம் உள்ளே போகட்டும். சாற்றை ருசி பாருங்கள். உப்பும் காரமும் ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். நன்றாகக் கொதித்ததும் ஒரே ஒரு முறை அடிவரை கிளறி, இறுக்கமாக மூடி, தீயைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். காஸ் அடுப்பின் சிம்மும் அதிகம் என்று தோன்றினால் பாத்திரத்துக்குக் கீழே பழைய தோசைக்கல்லை வையுங்கள்.

18 நிமிடம். இடையில் திறக்கவும் கிளறவும் கூடாது. கிளறினால் அரிசி உடைந்து மாவு விட்டுப் பிசுபிசுக்கும்.

படி 6: இறால்

திறந்து, சிட்டிகை உப்புப் பிசிறிய இறாலைச் சோற்றின் மேல் பரப்பி லேசாக அமுக்கிவிட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, மூடியபடியே பத்து நிமிடம் விடுங்கள். இறாலை முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும். பே இலையை எடுத்துவிட்டு, வெங்காயத் தாளும் பார்ஸ்லியும் தூவி, முள்கரண்டியால் ஓரத்திலிருந்து கிளறிவிடுங்கள். காரம் போதாதவர்களுக்கு டபாஸ்கோ மிளகாய் சாஸ் புட்டியை மேசையில் வையுங்கள். அதுவும் லூசியானாச் சரக்குதான், ஏவரி தீவில் 1868 முதல் தயாராகிறது.

சரியாக வரவில்லையா?

மேலே அரிசி விறைப்பு, அடியில் குழைவு என்றால் பாத்திரம் குறுகலாக இருந்திருக்கும், இல்லை தீ அதிகம். கால் கப் கொதிக்கும் ஸ்டாக்கை மேலே தெளித்து, மூடி, சிம்மில் ஐந்து நிமிடம் வையுங்கள். மொத்தமும் குழைந்திருந்தால் அகலத் தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள், ஓரளவு தேறும். தீய்ந்த வாடை வந்தால் அடியைத் தொடாமல் மேல் சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். லேசாக அடிப்பிடித்தது குற்றமில்லை, சுரண்டித் தின்ன ஆள் இருக்கும்.

குக்கரில் விசில் விட்டுச் செய்யலாமா என்றால், வேண்டாம். குக்கரின் அடிப்பாகத்தைச் சாதாரண மூடி போட்டுப் பயன்படுத்தலாம். அளவை இரட்டிப்பாக்கும்போது ஸ்டாக்கை 5½ கப்போடு நிறுத்துங்கள், ஆவியாகும் நீர் அதே கணக்கில் இரட்டிக்காது.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக்கும்போது இறாலைப் பொறுக்கி வைத்துவிட்டு, சோற்றில் ஒரு கை தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கி, கடைசி நிமிடத்தில் இறாலைச் சேர்த்து அதுவும் சூடேறியதும் இறக்குங்கள்.